தெளிந்த நீரும் தூய நீரும்

(ஒரு பள்ளிச் சோதனை கற்பித்த பாடம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முன்னுரை

மனிதன் உயிர் வாழக் காற்றுக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது நீர். சோறின்றிச் சில வாரங்கள்கூட உயிர் தரிக்கலாம். நீரின்றிச் சில நாள்களுக்கு மேல் இயலாது. ஆயினும் நாம் அன்றாடம் குடிக்கும் நீர் நல்லதா, கெட்டதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? கண்ணால் பார்க்கிறோம், கலங்கல் இல்லையெனில் நல்ல நீர் என்கிறோம். நாவில் வைக்கிறோம், உப்புக் கரிக்கவில்லையெனில் நல்ல நீர் என்கிறோம். முகர்ந்து பார்க்கிறோம், நாற்றம் இல்லையெனில் நிம்மதி அடைகிறோம். இம்மூன்று புலன்களின் தீர்ப்பும் பல வேளைகளில் தவறாகிவிடும் என்பதை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது சில சிறிய பாட்டில்களின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டேன். அதனை என் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை காணின் ஆசிரியப் பெருமக்கள் திருத்தியருள வேண்டுகிறேன்.

மலையும் நீரும்

என் ஊர், பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் மலைச்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் பகுதி. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தோட்டத்துக் கூலி வேலையே செய்து வந்தவர்கள். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

பழனிமலைத் தொடரைப் பெரிய நீர்த்தொட்டி எனலாம். மேல்மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. வடசரிவில் இறங்கும் நீர் பாலாறு–பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு முதலிய அணைகளை நிரப்புகிறது. பழனிக்கு அருகே பாலாறு, பொருந்தலாறு, பச்சையாறு உள்ளிட்ட ஆறு ஓடைகள் கூடுவதால் சண்முகநதி எனப் பெயர் வந்தது என்பர். சண்முகநதி அமராவதியோடும், அமராவதி கரூருக்கு அருகே காவிரியோடும் கலக்கின்றன. தென்சரிவில் இறங்கும் நீர் வைகையைச் சேர்கிறது.

பங்குனி உத்திரத்துக்குப் பக்தர்கள் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து பழனிக்கு வருவதை நாம் அறிவோம். காவிரி நீர் மலைக்கு வருகிறது. மலையின் நீர் காவிரிக்குப் போகிறது. ஆகவே மலையூர்களில் நீருக்கு நேரும் எந்தக் கேடும் மலையோடு நின்றுவிடுவதில்லை.

எங்கள் ஊருக்குக் கீழே பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. கண்ணாடிபோல் தெளிந்த நீர், கோடையிலும் குளிர்ந்திருக்கும். ஊராட்சிக் குழாய் வந்த பிறகும் எங்கள் வீட்டில் குடிநீர் அந்த ஊற்றிலிருந்துதான். காலையில் 2 குடம், மாலையில் 1 குடம் கொண்டு வருவது என் வேலை. என் அப்பத்தா அந்த நீரைப் பற்றிப் பேசும்போது அவர் குரலிலேயே ஒரு பெருமிதம் இருக்கும். அடிவாரத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போனால், "இந்தக் கெணத்துத் தண்ணியை எப்படித்தான் வாயில வைக்கிறீங்களோ!" என்று முகம் சுளிப்பார்.

சோதனை தொடங்கிய கதை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரும் எரிமலையும் காற்றாலையும் செய்துகொண்டிருந்த வேளையில், எங்கள் அறிவியல் ஆசிரியை, "உங்க ஊர்த் தண்ணியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். நாங்கள் ஐவர் அதனையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஊராட்சியில் இருந்த களப் பரிசோதனைப் பெட்டியை ஆசிரியை இரவல் வாங்கி வந்தார். அத்தகைய பெட்டியை நம் மாநிலத்தில் ஊராட்சிகளுக்கு வழங்குவது 1971-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்.

மாதிரி எடுப்பதே தனிக் கலை என்பது முதற்பாடம். பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் இட்டுக் காயவைக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகே பிடிக்க வேண்டும். இடம், நாள், மணி ஆகியவற்றை உடனே எழுதி ஒட்ட வேண்டும். "எழுதாத பாட்டில் எதுக்கும் ஆகாது" என்பது ஆசிரியையின் வாசகம்.

ஊற்று, ஊராட்சிக் குழாய், ஊருக்கு மேலே உள்ள ஓடை, அடிவாரத்து உறவினர் கிணறு ஆகிய 4 இடங்களில் மாதிரி எடுத்தோம். ஒப்பிடுவதற்காகக் கொதிக்கவைத்து ஆறிய நீரை 5-ஆவது பாட்டிலில் வைத்தோம். எங்களுள் குறும்பன் ஒருவன், யாரும் சொல்லாமலேயே, பள்ளி வாசல் சாக்கடை நீரை 6-ஆவது பாட்டிலில் பிடித்து வைத்தான். அந்தக் குறும்பு பின்னர் எங்களை எப்படிக் காப்பாற்றியது என்பதைச் சொல்கிறேன்.

கடினத்தன்மை

முதலில் நீரின் கடினத்தன்மையைக் கண்டோம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதே கடினத்தன்மைக்குக் காரணம். எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சேர்த்ததும் நீர் ஒயின் சிவப்பாகிறது. அதில் ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். ஈடிடிஏ அந்த உலோக அயனிகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்கிறது. எல்லாம் பற்றப்பட்டவுடன் நிறம் நீலமாகிறது. எத்தனை சொட்டு என்று எண்ணினால் கடினத்தன்மை தெரியும். இன்று நம் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்துச் செய்யும் அதே தரம் பார்த்தல்தான் அது.

ஊற்று நீர் சில சொட்டுகளிலேயே நீலமாகிவிட்டது. அடிவாரக் கிணற்று நீருக்குச் சொட்டு எண்ணி எண்ணிக் கை வலித்தது. காரணம் எளிது. எங்கள் மலையின் பாறை எளிதில் கரையாத கடும்பாறை. மழை நீர் அதன்மேல் விரைந்து ஓடி வெளிவந்துவிடுகிறது. சமவெளியிலோ நீர் மண்ணுக்குள் நெடுநாள் தங்கி உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம்.

இதனை வீட்டில் சொன்னபோது அப்பத்தா சிரித்தார். "இதைச் சொல்ல ஒரு பெட்டி வேணுமா, தாயி? எங்க ஊத்துல பருப்பு வேகுற வேகத்தைப் பார்த்தாலே தெரியாதா?" என்றார். அவர் சொன்னதும் அறிவியலே. கடின நீரில் பருப்பு வேகத் தாமதமாகும்.

கறுக்கும் பாட்டில்

அடுத்தது நுண்ணுயிர்ச் சோதனை. மலக்கழிவு கலந்த நீரால் பரவும் நோய்கள் பல: காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு. நோய்க் கிருமிகளைத் தனித்தனியே தேடுவது பெரிய ஆய்வகங்களுக்கே இயலும். ஆகவே மலக்கழிவு கலந்ததற்கு ஏதேனும் அடையாளம் உண்டா என்று பார்ப்பதே வழக்கம். இதற்கென மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய அறிவியலாளர் மூவர் 1982-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். பின்னர் அது பல நாடுகளிலும் பரவியது.

இதில் ஒரு சிறு பாட்டிலுக்குள் மருந்தில் தோய்த்து உலர்த்திய தாள் இருக்கும். அம்மருந்தில் நுண்ணுயிரிக்கு உணவாகும் பெப்டோனும், சோடியம் தயோசல்பேட்டும், ஓர் இரும்பு உப்பும் அடங்கும். குறியிட்ட அளவுக்கு நீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்களுள் பல, தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அவ்வாயு இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகும். நீர் கறுத்தால் ஐயத்துக்குரியது. கறுக்காவிட்டால் பெரும்பாலும் கேடில்லை. படிக்காதவர்க்கும் விளங்கும் சோதனை இது.

மாலையில் 6 பாட்டில்களையும் வகுப்பறை அலமாரியில் வைத்தோம். மறுநாள் மாலை பார்த்தோம். ஒன்றும் கறுக்கவில்லை! எங்களுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. "எங்கள் ஊரின் 4 நீர்நிலைகளும் தூயவை" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டோம். ஆசிரியை வந்து பார்த்தார். எங்கள் அட்டையைப் படித்தார். பிறகு 6-ஆவது பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப, சாக்கடைத் தண்ணியும் நல்ல தண்ணிதானா?" என்று கேட்டார்.

எங்களுக்கு வாய் எழவில்லை. கறுத்தே தீரவேண்டிய பாட்டிலும் கறுக்கவில்லை என்றால் தவறு நீரில் இல்லை, சோதனையில் இருக்கிறது. அது மார்கழி மாதம். மலையில் இரவுக் குளிர் கடுமை. அந்தப் பாக்டீரியாக்கள் நம் உடலின் வெப்பத்தில் வளர்ந்து பழகியவை. குளிரில் அவை சாகவில்லை. பெருகாமல் முடங்கிக் கிடந்தன. பாட்டில்களை 30 முதல் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும் என்ற குறிப்பை நாங்கள் படித்தும் பொருட்படுத்தவில்லை.

அட்டையைக் கிழித்துப் போட்டோம். புதிதாக மாதிரி எடுத்தோம். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடேற்றும் முறையில், ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, வெப்பமானியை உள்ளே வைத்து, 35 பாகைக்கு வரும்வரை மூடியைத் திறந்தும் சாத்தியும் சரிசெய்தோம். இம்முறை சாக்கடை நீர் விடிவதற்குள் கறுத்துவிட்டது. நண்பகலில் இன்னொரு பாட்டிலும் மைபோல் கறுத்தது. ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். என் கையெழுத்துதான். "பெரிய ஊற்று, காலை 6.30."

ஓடை நீர் 2 நாளில் சற்றே கருமை காட்டியது. குழாய் நீரும், கொதித்து ஆறிய நீரும், அப்பத்தா முகம் சுளிக்கும் அந்த அடிவாரக் கிணற்று நீரும் கறுக்கவே இல்லை. நாக்கு போற்றிய நீர் தோற்றது. நாக்கு வெறுத்த நீர் தேறியது.

குழாய் நீர் தேறியதற்குக் காரணம், அன்று தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்திருந்தார்கள். வீட்டுக் குழாய்வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால்தான் வழியில் சேரும் கிருமிகளும் மடியும். பவுடர் கலக்காத வேறொரு வாரத்தில் அதே குழாய் நீரும் கறுத்தது. ஒரு முறை தேறிய நீர் என்றைக்கும் தேறிய நீர் அன்று என்பதையும் அப்போது அறிந்தோம்.

அப்பத்தா கேட்ட கேள்வி

கறுத்த பாட்டிலை ஆசிரியையின் அனுமதியோடு, இறுக மூடி, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா உடனே அடுப்பில் நீரை ஏற்றினார். அப்பத்தாவோ நம்பவில்லை. "நாப்பது அம்பது வருசமாக் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆகிப்போச்சு? மருந்தைப் போட்டா எந்தத் தண்ணியும்தான் கறுக்கும்" என்றார்.

நான் கொதித்து ஆறிய நீரின் பாட்டிலையும் அருகில் வைத்தேன். "இதுலயும் அதே மருந்துதான் அப்பத்தா. இதுவும் நம்ம ஊத்துத் தண்ணிதான். கொதிக்க வெச்சது" என்றேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

இரவு சாப்பிட அழைக்கப் போனேன். இருட்டில் அமர்ந்திருந்தார். என் தந்தைக்கு மூத்த ஆண் குழந்தை ஒன்று இருந்ததென்றும், 2 வயதில் வாந்தியும் பேதியும் கண்டு ஒரே நாளில் போய்விட்டதென்றும் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று கேட்டார்: "இந்தப் பாட்டிலு அன்னிக்கு இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமா, தாயி?"

எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஒரு பாட்டில் இன்றைய நீரைப் பற்றித்தான் சொல்லும். அன்றைய நீரை எவரும் சோதிக்கவில்லை. "தெரியாது அப்பத்தா" என்று மட்டுமே சொன்னேன். மறுநாள் முதல் அவர் கொதிக்கவைத்த நீரையே குடித்தார். உருசி இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்.

ஊற்று ஏன் கெட்டது என்று தேடினோம். அதற்கு மேற்சரிவில் மாட்டுக் கொட்டில்களும், குழி எடுத்த கழிப்பறைகளும் இருந்தன. மழை நீர் அவற்றை நனைத்து மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியே ஊற்றில் தெளிந்து வெளிவருகிறது. மண் கலங்கலை வடிகட்டியது. கிருமியை முற்றாக வடிகட்டவில்லை. ஊர்க்காரர்கள் கூடி மேற்சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டிக் கழிவு நீரைத் திருப்பினர். ஊற்றைச் சுற்றிக் கல் கட்டினர். துணி துவைக்கும் இடத்தைக் கீழே மாற்றினர். அதற்குப் பிறகு செய்த சோதனைகளில் கறுக்கும் நேரம் தள்ளிப்போனது. ஆனால் பெருமழைக்குப் பின் இன்றும் கறுக்கத்தான் செய்கிறது. எனவே கொதிக்கவைப்பதே வழி.

மலையில் நீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை குறையும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அது ஏறத்தாழ 93 பாகை. நோய்க் கிருமிகள் மடிய அவ்வெப்பம் போதும். நன்கு கொப்பளித்த பின் 3 நிமிடம் விட்டால் ஐயமே வேண்டாம்.

பாட்டில் காணாத நஞ்சு

பெட்டியில் நாங்கள் வைத்த வெப்பமானி பாதரசத்தால் ஆனது. அதனைத் திரும்ப எடுத்து வைக்கும்போது ஆசிரியை, "இது உடைஞ்சு ஊத்துல விழுந்திருந்தா நம்ம பாட்டில் கறுத்திருக்குமா?" என்று கேட்டார். கறுக்காது என்றோம். பாதரசம் நுண்ணுயிரி அன்றே! அப்போதுதான் எங்கள் மலையின் உச்சியிலேயே நடந்த ஒரு கதையைச் சொன்னார். கல்லூரிக்கு வந்தபின் அதனை விரிவாகப் படித்தேன்.

கொடைக்கானலில் 1980-களில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை மக்கள் கண்டு போராடினர். தொழிற்சாலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டது. 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது.

இதில் வேதியியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரி நீரைப் பேரிஜம், குக்கல் நீர்நிலைகளோடு ஒப்பிட்டு 2006-இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. மற்ற இரண்டிலும் அதனினும் குறைவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்த எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1,000 நானோகிராம். அப்படியானால் ஏரி நீர் குடிநீர் எல்லைக்குள்ளேயே இருந்தது! நீரை மட்டும் சோதித்தவர் "தேறியது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவ்வாய்வாளர்கள் ஏரியின் அடிவண்டலையும் மீனையும் சோதித்தனர். அங்கும் பாதரசத்தைக் கண்டனர். பாதரசம் வண்டலில் தங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதன் ஒரு பகுதியை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் அது செறிந்துகொண்டே போகிறது.

ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956-இல் வெளிப்பட்ட கொடிய நரம்பு நோய்க்கும் காரணம் இதுவே. கடல் நீரைப் பார்த்து எவரும் ஐயுறவில்லை. மீனை உண்ட பூனைகள் தள்ளாடிச் செத்தபோதுதான் மக்கள் திகைத்தனர். அந்நகரின் பெயராலேயே 2013-இல் பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதனை உறுதி செய்தது.

முடிவுரை

ஒரு சோதனை தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். ஈடிடிஏ கிருமியைக் காட்டாது. கறுக்கும் பாட்டில் பாதரசத்தைக் காட்டாது. நீரை மட்டும் அளந்தால் மீனின் நஞ்சு தெரியாது. "நீர் நன்றாக இருக்கிறது" என்று எவரேனும் சொன்னால், "எதற்காகச் சோதித்தீர்கள்? என்று சோதித்தீர்கள்? சாக்கடை நீரையும் சேர்த்து வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கக் கற்றுக்கொள்வதே நீரைப் பற்றிய அறிவின் தொடக்கம்.

2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்தோறும் 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வழி செய்யப்பட்டுள்ளது. குடம் சுமப்பவரே நீரைச் சோதிப்பவராகவும் ஆவது எத்துணைப் பொருத்தம்! நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிலும் நாம் சாலை கூட்டுவதோடு நில்லாமல், முகாமிடும் ஊரின் கிணறுகளையும் குழாய்களையும் சோதித்து, முடிவை ஊர்ப் பொது இடத்தில் எழுதி வைக்கலாம். வேதியியல் மாணவர்க்கு அதைவிடச் சிறந்த செய்முறைத் தேர்வு வேறு ஏது?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பத்தா இன்றும் கேட்பார்: "பாட்டிலு கொண்டாந்தியா?" கொண்டுபோவேன். இருவரும் பெட்டிக்குள் விளக்கேற்றி வைத்துவிட்டுக் காத்திருப்போம். மறுநாள் எனக்கு முன்பே எழுந்து அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தம் ஊற்று நீர் இன்று தூயதா என்பதைத் தெளிவை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது என்பது அவருக்குத் தெரியும். படித்த நாமும் அதனை அறிந்து நடப்போமாக!